ஸ்டாண்டைக் கழட்ட மாட்டேன்

சனிக்கிழமை, ராத்திரி.

எங்க சைக்கிள் கோஷ்டித் தலைவர் டேனியல் சார் இன்னிக்கு சேலையூர் டீக்கடையில கறாரா சொல்லிட்டார்: "அண்ணா, ரேஸ் சைக்கிளுக்கு யாராவது ஸ்டாண்டு மாட்டுவாங்களா? கழட்டினாத்தான் நாளைக்கு மகாபலிபுரம்."

ஹெல்மெட் வாங்கச் சொன்னார், வாங்கினேன். பின்னாடி சிவப்பு லைட்டும் மாட்டினேன். திருநீர்மலை உச்சியிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஸ்டாண்டுல மட்டும் கை வைக்க விடமாட்டேன்.

அவர் சொல்லி வாய் மூடல, பஸ் போன காத்துல சுவத்துல சாய்ச்சிருந்த இருபது சைக்கிளும் சரிஞ்சுது. சரி, இருபது இல்ல, ஆறுதான். என்னுது மட்டும் ராஜா குதிரை மாதிரி நின்னுச்சு.

"இப்ப இன்னா சொல்றீங்க சார்?"

சிரிச்சார். "கழட்டிட்டு வாங்கண்ணா"ன்னார் மறுபடியும்.

கீழ விழுந்ததைக் குனிஞ்சு தூக்க என் இடுப்பு விடாது. அதை அவர்கிட்ட ஏன் சொல்லணும்? காலையில அஞ்சு மணிக்கு ஸ்டாண்டோடதான் போய் நிப்பேன்.