செல்ஃப் எடுக்காத சாம்பல் நிற வண்டி

அன்பு மகள் மிர்யாவுக்கு அம்மா எழுதுகிறேன். மூக்கு நுனி விறைக்கிற குளிரைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலிகூட இந்த வாரம் எட்டிப் பார்க்கவில்லை. பீனிக்ஸ் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். ஒரு பெரிய சமாசாரம் இருக்கிறது, போனில் சொன்னால் நீ நடுநடுவே ஐயோ அம்மா என்பாய், எனக்குக் கோர்வையாக வராது, அதனால்தான் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே.

அப்பா போனதிலிருந்து உன் ஊர்ஹோ சித்தப்பாதான் என்னைக் கடைக்கும் கோவிலுக்கும் கூட்டிப் போகிறான் என்று உனக்குத் தெரியும். நல்லவன்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டியில் ஏறினால் ஒரே பாட்டு. "அண்ணி, வண்டியும் ஓட்டத் தெரியாம காட்டுக்குள்ள தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க. பனி உருகட்டும், வீட்டை வாங்க ஆள் கூட்டிட்டு வரேன், நீங்க டவுன்ல ஒரு ஃபிளாட்ல இருங்க" என்பான். நீயும் போன கடிதத்தில் சித்தப்பா சொல்வது சரிதானே என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கோடையிலிருந்தே என் சிநேகிதி சில்வியா என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் சாம்பல் நிற வண்டியை எனக்குப் பழக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை எனக்கு டெஸ்ட். டெஸ்ட் எடுக்கிறவர் நம் ஊருக்கு மாதம் ஒருமுறைதான் வருவார்.

அன்று காலை சில்வியாவை அவள் வீட்டுக்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மரம் வெட்டப் போய்விட்டார். காப்பி குடித்துவிட்டு ஷெட்டைத் திறந்து சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் டக். சில்வியா, "பேட்டரி செத்துப்போச்சுடி ஹெல்மி, இந்தக் குளிருக்கு மனுஷனே செத்துருவான்" என்றாள். வேறு வழியில்லாமல் ஊர்ஹோவுக்குப் போன் போட்டேன், பனி தள்ளுகிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். டெஸ்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவன், "பேட்டரிதான் அண்ணி, மத்தியானம் புதுசு வாங்கிட்டு வரேன். டெஸ்ட்டுக்கு என்ன அவசரம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான். அடுத்த மாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. பனி உருகிவிடும், வீடு பார்க்க ஆளும் வந்துவிடும்.

போனை வைத்துவிட்டு ஷெட்டில் போய் நின்றேன். அழுகை வந்தது உண்மைதான். ஆனால் அணைக்க மறந்த முன்விளக்கு எரிவதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது. பேட்டரி செத்திருந்தால் விளக்கு எப்படி இவ்வளவு பளிச்சென்று எரியும்? சில்வியாவை முன்னால் நிற்க வைத்துச் சாவியைத் திருப்பினேன், விளக்கு மங்குகிறதா பார் என்றேன். "கொஞ்சம்கூட மங்கலடி, என் கண்ணுதான் கூசுது" என்றாள். பேட்டரி பலவீனம் என்றால் திருப்பின உடனே விளக்கு மங்க வேண்டும். ஆகப் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, எஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாருக்குத்தான் போய்ச் சேரவில்லை. பானெட்டைத் தூக்கினால் பேட்டரி முனைகளில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன், கறுப்பு வயரை முதலில் கழற்றி, பிறகு சிவப்பு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, சிவப்பை முதலில் மாட்டிக் கறுப்பைக் கடைசியில் மாட்டினேன். திருப்பினால் மறுபடி அதே டக். சில்வியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மோட்டாரே போயிருக்கும், விடுடி, நீ என்ன மெக்கானிக்கா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "முப்பது வருஷமா என் வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர் பண்றப்ப, அவர் திட்டத் திட்ட டார்ச் பிடிச்சது யாரு, நீயா?" என்று கேட்டுவிட்டேன்.

விட மனசில்லை. சாவியை உருவி, கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் ஐஸ் மாதிரி இருந்தது. கறுப்பு வயர் பேட்டரியிலிருந்து கீழே இறங்கி எஞ்சினோடு ஒரு போல்ட்டில் சேருகிறது பார், அந்த எர்த் முனை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அத்தனை குளிரில் அது ஏன் சுட வேண்டும்? கரண்ட் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. உறுதி செய்துகொள்ள, பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கிற கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்பு முனையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் கவ்வவிட்டுத் திருப்பினேன். ஷெட்டே அதிர ஸ்டார்ட் ஆனது. சில்வியா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், இரண்டு கிழவிகளும் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே அணைத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி, அந்த போல்ட்டையும் கழற்றி, துருவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். இப்போது கேபிள் உதவி இல்லாமலே முதல் திருப்பிலேயே எடுத்தது.

டெஸ்ட்டுக்குத் தாமதமாகத்தான் போனோம். அந்த மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கரி அள்ளிட்டு வர்றீங்களா?" என்றார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். கோட்டோடே வந்து வண்டியில் உட்கார்ந்தார். ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் வழுக்கியபோதுகூட பிரேக்கை மிதிக்காமல் மெல்லத் திருப்பிவிட்டேன். கடைசியில் அவர், "ரொம்ப மெதுவா ஓட்டுறீங்க, அது ஒண்ணுதான் குறை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆமாம் கண்ணு, உன் அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

சில்வியாவை இறக்கிவிட்டு நான் மட்டும் தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வாசலில் ஊர்ஹோ புதுப் பேட்டரியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணாடியை இறக்கி, "ஊர்ஹோ, உன் வண்டி வழியை மறிச்சு நிக்குது, கொஞ்சம் நகத்து, நான் ஷெட்டுல விடணும்" என்றேன். பேட்டரியை வாசல்படியில் இறக்கி வைத்துவிட்டுப் போய் நகர்த்தினான். அப்புறம் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொடுத்தேன். போகும்போது, "அண்ணி, என் வண்டிகூட காலைல ஒரு மாதிரி இழுக்குது, கொஞ்சம் பாக்கறீங்களா" என்றான். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் வண்டியிலும் பேட்டரி முனை பூத்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல், வெயில் ஊரில்தான் பேட்டரி சீக்கிரம் கெடும் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஈஸ்டருக்கு வருகிற விமானம் எந்த நாள் என்று மறக்காமல் எழுது. சித்தப்பாவை வரச் சொல்லாதே, விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ ஆண்டவர் அருளட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா ஹெல்மி