பேபி வரைந்த மாடி வீடு

அனுப்புநர்:
அ. ஜெயகுமாரி (வயது 24),
த/பெ அருள்தாஸ்,
7, வாய்க்கால் குறுக்குத் தெரு,
அம்பத்தூர், சென்னை – 53.

பெறுநர்:
சிறப்புத் தாசில்தார் அவர்கள்,
குடிசைப் பகுதி மறுகுடியமர்வு,
அம்பத்தூர்.

பொருள்: வாய்க்கால்மேடு குடிசைப் பகுதி – மாற்று மனை பெறுவோர் பட்டியல் – வீடு வீடாகக் கணக்கெடுக்காமல், கோடை முகாமில் குழந்தைகள் வரைந்த படங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டதாகச் சந்தேகம் – திருமதி பஞ்சவர்ணத்துக்கு மனை மறுக்கப்பட்டது – நேரடி விசாரணை கோருவது.

பார்வை: 5.7.93 அன்று ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்ட பட்டியல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேலே படிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்த மனுவின் ஓரத்தில் ‘விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்று எழுதி, இளந்தென்றல் சிறார் நல மன்றத்தின் செயலாளர் திரு. பாஸ்கரன் அவர்களுக்கே அனுப்பிவிட வேண்டாம். புகாரே அவர்மீதுதான். எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் தந்தையாரே சொல்லுவார். இருக்கட்டும். இந்த விஷயத்தில் அது தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம்.

1. நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று ஆண்டுகளாகக் காத்திருப்பவள். எங்கள் தெருவுக்கு எதிரே வாய்க்கால்மேட்டில் அறுபத்து நான்கு குடிசைகள் உள்ளன. அங்குள்ள பிள்ளைகள் சிலருக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பதால் பெற்றோருக்கு என்னைத் தெரியும். மேற்படி மன்றம் கடந்த மே மாதம் 10 முதல் 19 வரை காட்டுப்பாக்கத்தில் ஒரு மாந்தோப்பில் அப்பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தியது. நான் குழுத் தலைவியாக வேலை பார்த்தேன். தினமும் காலையில் வேன் வரும், மாலையில் கொண்டுவந்து விடும். என் பொறுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. நான் போய்க் கேட்டால் வாய்க்கால்மேட்டில் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2. முகாமில் ஊஞ்சல் இருந்தது, கேரம் போர்டு இருந்தது. முதல் நாள் பிள்ளைகள் இரண்டின் பக்கமும் போகவில்லை. குழாயடிக்கு ஓடினார்கள். அது திறந்தால் வந்துகொண்டே இருக்கும் குழாய். பஞ்சவர்ணத்தின் மகள் பேபி (வயது 9) அதன் அடியில் கையை வைத்துக்கொண்டு, “எத்தினி மணிக்கு நிக்கும்க்கா?” என்று கேட்டாள். நிற்காது, மேலே தொட்டி இருக்கிறது என்று காட்டினேன். அவள் அதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். இந்த விவரம் மனுவுக்கு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். தேவை இருக்கிறது.

3. நான்காம் நாள் ‘எங்கள் வீடு’ என்று படம் வரையச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். முன்பக்கம் வெறுமை. பின்பக்கம் அச்சடித்த கட்டங்கள்: கதவு எண், வீட்டில் உள்ளோர் பெயர், உறவு, வயது. படம் வரையும் தாளுக்குப் பின்னால் கட்டம் எதற்கு என்று அன்றே எனக்கு உறுத்தியது. திரு. பாஸ்கரன் அவர்களிடம் கேட்டேன். “குழந்தைங்களுக்குக் குடும்பப் பாசம் வளரும், மேடம்” என்றார். அதற்குமேல் கேட்காதது என் தவறு. மேடம் என்று அதற்கு முன் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

4. ஐந்தாம் தேதி ஒட்டப்பட்ட பட்டியலில் பஞ்சவர்ணத்தின் குடும்பம் பின்வருமாறு காணப்படுகிறது: ‘வரிசை எண் 23. பஞ்சவர்ணம், குடும்பத் தலைவி, 30. பேபி, மகள், 9. கஜபதி, மகன், 2. வீட்டின் வகை: மாடி வீடு, மேல்நிலைத் தொட்டியுடன். மாற்று மனைக்குத் தகுதி: இல்லை.’

ஐயா, கஜபதி ஒரு வெள்ளாட்டுக் கிடா. ஆடி மாதம் அம்மன் கோயிலுக்கு என்று நேர்ந்துவிட்டது. பேபிக்கு அதன்மீது உயிர், ஆகவே உறவுக் கட்டத்தில் ‘தம்பி’ என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு தாள்களையும் அவசரமாகத் திருத்திக்கொண்டிருந்த நான் கஜபதி யார் என்று கேட்காமல், பெயரில் இருந்த எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன். தங்கள் கணக்கெடுப்பாளர் ஒரே ஒரு முறை அந்த வாசலில் வந்து நின்றிருந்தால், கஜபதியே அவர் கையில் இருந்த காகிதத்தைத் தின்னப் பார்த்திருக்கும்.

5. பட்டியலை நான் படித்துக் காட்டியதும் பஞ்சவர்ணம் முதலில் சிரித்தார். “இன்னாம்மா இது, ஆட்டப் போயி எம்புள்ளன்னு எழுதிகீறாங்கோ. எனுக்கு மச்சு ஊடு கீதாமே. எங்க கீதுன்னு சொல்லு, இன்னிக்கே குடி போய்டறேன்” என்றார். பிறகு ‘தகுதி இல்லை’ என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதன்பின் சிரிக்கவில்லை. அவர் கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறார். அவருக்கு இந்த ஓலைக் குடிசையை விட்டால் வேறு இடம் கிடையாது. வாய்க்கால்மேட்டில் மாடி வீடே இல்லை என்பதை ரயிலில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

6. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நாற்பத்தொன்று. பட்டியலில் உள்ள வீடுகளும் அதே நாற்பத்தொன்று. பிள்ளைகளை அனுப்பாத இருபத்து மூன்று வீடுகளில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. தங்கள் அலுவலகத்துக்குக் கணக்கெடுத்துத் தரும் பணியை இம்மன்றமே ஏற்றிருக்கிறது என்பது பட்டியலின் அடியில் உள்ள முத்திரையால்தான் எனக்குத் தெரியவந்தது. திரு. பாஸ்கரன் அவர்கள் வாய்க்கால்மேட்டில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வேன்கூடப் பெரிய சாலையிலேயே நின்றுகொள்ளும்.

7. 7.7.93 அன்று முகப்பேரில் உள்ள மன்ற அலுவலகத்துக்குப் போய்ப் படங்களைக் காட்டுமாறு கேட்டேன். அவை குமணன்சாவடியில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருப்பதாகத் திரு. பாஸ்கரன் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். அப்படி ஒரு கண்காட்சி நடக்கவே இல்லை என்று பள்ளியில் சொன்னார்கள். மறுநாள் மீண்டும் முகப்பேர் போனேன். “நீங்க டீச்சர் வேலைக்குக் காத்திருக்கீங்க. நாங்க குடுத்த முகாம் சான்றிதழ் நாளைக்கு உதவும். மனசுல வச்சுக்குங்க” என்றார். இம்முறை மேடம் இல்லை. இது அறிவுரையா மிரட்டலா என்பதைத் தாங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நான் முடிவு செய்துவிட்டேன்.

8. இனி, எழுதாமல் தப்பித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்த ஒன்றை எழுதுகிறேன். பேபி முதலில் மாடி வீடு வரையவில்லை. தன் குடிசையைத்தான் வரைந்தாள். சாய்ந்த கதவு, கூரைமேல் போட்ட சினிமா பேனர், எல்லாம் இருந்தது. அன்று மதியம் வெளியூர்ப் பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “இதையா காட்டுறது? நல்ல வீடாப் போடு பேபி” என்று சொல்லி வேறு தாள் கொடுத்தேன். அவளுக்குத் தெரிந்த நல்ல வீடு, மேலே தொட்டி வைத்த வீடு. பார்வையாளர்கள் அதைப் பாராட்டினார்கள், அவளுக்கு ஒரு பென்சில் பெட்டி பரிசு கிடைத்தது. திரு. பாஸ்கரன் மீது எனக்குள்ள கோபத்தில் பாதி என்மீதும் உண்டு. பேபி இப்போது அந்தப் பென்சில் பெட்டியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். தன்னால்தான் வீடு போயிற்று என்று அந்தக் குழந்தை நினைக்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

9. வருகிற 26ஆம் தேதி பட்டியல்படி மனைக்கு டோக்கன் பெற்றவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு குடிசைகளைப் பிரிக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அன்று பஞ்சவர்ணம் மகளையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டு வெறும் மேட்டில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே, அதற்கு முன் தாங்களோ, மன்றத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அலுவலரோ நேரில் வந்து அறுபத்து நான்கு வீடுகளையும் பார்க்க வேண்டும். காலையில் வர வேண்டாம். எல்லாரும் தண்ணீர் லாரிக்குப் போயிருப்பார்கள், ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட வாய்ப்பாகிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் வரவும். பிள்ளைகளின் படங்களை மன்றத்திடமிருந்து கைப்பற்றிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அதுவரை ஒரு கூரையிலும் கை வைக்கக் கூடாது. எந்த விசாரணைக்கும், யார் முன்னிலையிலும் வந்து, நான் செய்தது உட்பட எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இம்மனுவின் நகல் என்னிடம் உள்ளது. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தங்கள்மீது நம்பிக்கை இல்லாமல் அல்ல, தங்கள் மேசைக்கு வரும் வழியில் எத்தனை மேசைகள் இருக்கின்றன என்று தெரியாததால்.

நாள்: 12.7.1993
இடம்: அம்பத்தூர்

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கும்,
(ஒப்பம்) அ. ஜெயகுமாரி

இணைப்பு:
1. பட்டியலில் வரிசை எண் 23 – கைப்பட எடுத்த நகல்.
2. முகாமில் சிறப்பாகப் பணியாற்றியதற்காக எனக்கு வழங்கப்பட்ட சான்றிதழ் – அசல். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.
3. பேபி நேற்று வரைந்த ‘எங்கள் வீடு’ படம். பின்பக்கத்தில் கட்டங்களை அவளே ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாள். கஜபதிக்கு எதிரே இம்முறை ‘ஆடு’ என்று எழுதியிருக்கிறாள். வீட்டை எப்படி வரைய வேண்டும் என்று நான் எதுவும் சொல்லவில்லை.