பாவாயியோட கும்பா

கண்ணாயி, நேர்ல பேசினா மூஞ்சியத் திருப்பிக்கிறே. அதான் எழுதறேன் சாமி.

சேலத்து வக்கீலைப் பாக்க மலையெறங்கிப் போறேன். வர ரெண்டு நாளாகும். சாமைச் சோறு அடுப்போரம் மூடி வெச்சிருக்கேன். எம்மேல இருக்கற கோவத்துல பட்டினி கெடக்காதே.

அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல உன்னையும் உம் புருசனையும் தீத்துவிட்டதுல யாருக்கும் மறுப்பில்லை. கொழந்தை யாருக்குன்னு வந்தப்போதான் எல்லாரும் ஊர்க்கவுண்டன்னு என்னையப் பாத்தாங்க. "புள்ளை அப்பனுக்கு, அதான் மலை வழக்கம்"னு சொல்லிட்டேன். ஊரான் மகளுக்கு ஒரு நாயம், எம் மகளுக்கு ஒரு நாயமான்னு கேட்டுருவாங்களோன்னு பயந்தேன் கண்ணு. உன் இடுப்புல இருந்து பாவாயியப் பிரிச்சு எடுத்ததும் இந்தக் கைதான். அவ "அப்புச்சி, அப்புச்சி"ன்னு என்னையத்தான் கூப்பிட்டுக்கிட்டே போனா. அதுலயிருந்து எனக்கும் சோறு எறங்கல.

வக்கீலுகிட்ட ஆள் விட்டுக் கேட்டேன். மலை வழக்கம் என்னவா இருந்தாலும், கொழந்தைக்கு எது நல்லதுன்னு ஜட்ஜு தொரை பாப்பாராம். தீர்ப்புச் சொன்னவனே கூண்டுல ஏறி, தாய்கிட்ட இருக்கறதுதான் நல்லதுன்னு சொன்னா நாம போடற வழக்கு நிக்குமாம். சொல்றேன். அப்பறம் கவுண்டன் பட்டம் எனக்கு நிக்காது. போகட்டும்.

வாசல்ல மொளகு காயுது. மழை இருட்டினா அள்ளி வெச்சிரு.

மறந்துட்டேன். பாவாயியோட சாமானைக் கேட்டு அவனூட்டு ஆள் வரும். கம்பளியக் குடுத்தனுப்பு, புள்ளைக்குக் குளிரும். அவ சோறு திங்கற கும்பாவ மட்டும் குடுக்காதே. அது இங்கயே இருக்கட்டும்.