என் நாற்காலி இருந்த இடத்தில் ஸ்பீக்கர்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். என் சாவி மாடிவீட்டில் இருக்கிறது.

ஸ்பீக்கர் கடைக்காரர் போன் செய்தார். "நீங்க பார்த்துவச்ச சின்ன ஜோடி இங்கேயேதான்மா இருக்கு. சார்தான் பெரிசுதான் வேணும்னு மாத்திட்டாரு. வேணும்னா சாயங்காலம் வந்து மாத்தித் தர்றேன்" என்றார். நீங்கள் ஸ்டாக் இல்லை என்று என்னிடம் சொன்னீர்களே!

இந்தச் சின்ன அறையில் பெரியதை வைத்தால் வெறும் அதிர்வுதான் மிஞ்சும் என்று கடையில் இருவரும் சேர்ந்துதானே கேட்டுப் பார்த்து முடிவு செய்தோம்? நீங்களும் தலையாட்டினீர்கள். இப்போது இரண்டு பீரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. "இடம் பத்தல" என்று என் நாற்காலியையும் நடையில் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். இருவரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கத்தானே அந்த அறையை ஒழித்தோம்?

பெரியதுதான் ஆசை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு சரி என்றிருப்பேன். பொய் சொன்னதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

கடைக்காரர் வந்தால் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்.

பி.கு.: பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

இன்னொன்று. கடைக்காரரிடம் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமா, ரெண்டு பேரும் பேசித்தான் மாத்தினோம்" என்றேன். உங்களால் நானும் பொய் சொன்னேன்.