கட்டிலின் உயரம்

வீடு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் அத்தையும் சௌக்கியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் சௌக்கியத்தை நீங்கள் சொன்னால்தான் உண்டு. போன் செய்தால் எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் ஒரு "ம்" மட்டும்தான் வருகிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் இதை நீங்கள் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சிகிச்சை மையத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் இங்கே மரவேலை முடிந்தாக வேண்டும். மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கிற அக்காவின் வீட்டுக்குச் சமையலறை செய்துகொடுத்த தச்சரைப் பிடித்திருக்கிறேன். காதில் செருகிய பென்சிலை வீடெல்லாம் தேடுகிற மனுஷர். நாங்கள் அவருக்குப் பென்சில்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். வாய் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் வேலை சுத்தம்.

என் திட்டத்தைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் திட்டுங்கள். திட்டவாவது வாயைத் திறந்தீர்கள் என்று சந்தோஷப்படுவேன். நம் அறையில் இருக்கிற பழைய அலமாரியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று. சட்டை மாட்டுகிற கம்பி உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் இருக்கும். ஜன்னலோரம் ஒரு வேலை மேஜை, அடியில் டிராயர் எதுவும் கிடையாது, சக்கர நாற்காலியோடு முழங்கால் உள்ளே போக வேண்டும். ஏணியில் ஏறி வயர் இழுத்து, விழுந்து, எல்லோரையும் பயமுறுத்தியது போதும். பழுதான மிக்ஸியும் மின்விசிறியும் இனி உங்கள் மேஜையைத் தேடி வரட்டும். இப்போதே எதிர் வீட்டிலிருந்து ஒரு மிக்ஸி வந்து, உங்களுக்காக மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கட்டில்தான் முக்கியம். நாற்காலியும் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருந்தால், கையை ஊன்றி நீங்களாகவே நகர்ந்து படுத்துக்கொள்ளலாம், எழுந்தும் கொள்ளலாம். மட்டம் தவறினால் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் தூக்கிவிட வேண்டும். நான் கடையில் இருக்கிற நேரத்தில் அத்தையால் உங்களைத் தூக்க முடியுமா? அத்தை தன்னைத் தூக்கிக்கொள்வதே பெரும் பாடு.

அளவு எடுப்பதற்காக நானே ஒரு நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்டினேன். தச்சர் சுவரில் கோடு போட்டார். அப்புறம் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க கையும் அவர் கையும் ஒண்ணாம்மா?" என்று கேட்டார். வேறொரு வீட்டில் குத்துமதிப்பாகச் செய்து, பிறகு எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினாராம். உட்காரப்போகிறவர் உட்கார்ந்து அளவு தராமல் மரத்தில் ரம்பம் வைக்க மாட்டேன் என்கிறார்.

சரியென்று மையத்துக்குப் போன் செய்து உங்கள் பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். நாற்காலியை மட்டும் அளந்தால் போதாதாம். உங்கள் எடைக்கு அதிலுள்ள குஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். பார்க்க வேண்டியதுதானே என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் சொன்னாள், நாற்காலி வந்த நாளிலிருந்து நீங்கள் ஒரு தடவைகூட அதில் உட்காரவில்லை என்று. அதன்மேல் ஈரத் துண்டைக் காயப் போடுகிறீர்களாமே.

இங்கே அத்தையும் அதே கட்சி. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தச்சரிடம் அலமாரியைப் பழைய உயரத்திலேயே செய்யச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் சுவரில் என் கோட்டுக்கு ரொம்ப மேலே இன்னொரு கோடு. ஏன் அத்தை என்று கேட்டேன். "எட்டாத உயரத்துல வச்சாத்தான் எந்திரிச்சு நிப்பான்" என்றார். டாக்டர் இனி நடக்க வழியில்லை என்று சொன்னபோது அத்தையும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் தச்சருக்கு ஒரு துணிக்கடை வேலை ஆரம்பம். போனால் சீக்கிரம் திரும்ப மாட்டார். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் போகட்டும், அவருடைய எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து, அளந்து, அவரிடமே சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்காக வாசலையும் போனையும் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி


வீடு,
திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் தெம்பாக இருக்கிறீர்கள், நன்றாகப் பேசவும் செய்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது.

தச்சர் காலையில் வந்தார். டேப்பை எடுக்கவில்லை, பென்சிலைத் தேடவில்லை. அடுக்கி வைத்த பலகைமேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில், "சார் பேசினாரும்மா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னார். சொல்லாம வேலை செய்ய எனக்கு மனசு வரல" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தெருப் பக்கத்து முன்னறையில் ஒரு ஒற்றைக் கட்டில் போதும் என்றீர்களாம். அலமாரி வேண்டாம், மேஜை வேண்டாம். உயரம் என்ன என்று அவர் கேட்டதற்கு, ஏதோ ஒன்று, யாராவது தூக்கிப் படுக்க வைப்பார்கள் என்றீர்களாம். உள்ளே இருக்கிற அறையைப் பற்றிக் கேட்டபோது, "அது அவங்க ரூம், அதை அவங்களுக்கே விட்டுடுங்க" என்று சொன்னீர்களாம்.

அவங்க ரூம். அது எப்போதிலிருந்து என்னுடைய அறை ஆயிற்று? அந்த அறைக்கு வெள்ளையடித்தது யார்? சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்து, தினமும் என்னிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தது யார்? தச்சரிடம் பேச இருந்த தைரியம் என்னிடம் பேச ஏன் வரவில்லை?

அத்தை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் சொன்னதுதான் சரி என்பார் என்று நானும் பதிலுக்குத் தயாராக நின்றேன். அத்தை தச்சரைப் பார்த்து, "அப்ப என் மருமக எங்க படுப்பா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய் ஈரத் துணியோடு வந்தார். சுவரில் தான் போடச் சொன்ன கோட்டைத் தானே துடைத்தார். பென்சில் கோடு லேசில் போகவில்லை, அழுத்தி அழுத்தித் துடைத்தார். அப்புறம் போய்ப் படுத்தவர் மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நானும் கடைக்குப் போகவில்லை.

நீங்கள் என்ன கணக்குப் போட்டீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தனியாக ஒரு கட்டில், தனியாக ஓர் அறை. கொஞ்ச நாள் போனால் நானே சலித்துப்போய் என் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். அதற்கு வசதி செய்து கொடுக்கிறீர்கள். என்னைக் கேட்டீர்களா? மரம் அறுக்கிற மனுஷரிடம் சொல்லி என்னை அறுத்துவிடப் பார்த்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பயமாகத்தான் இருக்கிறது. உங்களைக் குளிக்க வைக்கும்போது கை நழுவிவிடுமோ என்று பயம். உங்கள் கோபத்தைப் பார்த்துப் பயம். ஒரு நாள் அலுப்பில் நான் ஏதாவது சொல்லி, அது உங்கள் மனதில் தங்கிவிடுமோ என்று அதைவிடப் பயம். சொல்லத்தான் போகிறேன், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஆனால் திட்டினால் கேட்கிற தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். திட்டிவிட்டு, போர்வையை உங்கள் பக்கம் இழுத்துவிடுகிற தூரத்தில் நான் இருக்க வேண்டும்.

தச்சரிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். கட்டில் நம் அறையில், இரண்டு பேர் படுக்கிற கட்டில். அவர் உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இழுத்தார். பதிலை நான் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் ரம்பத்தை எடுங்கள் என்றேன். மத்தியானத்துக்குள் தலைமாட்டுப் பலகையும் குறுக்குச் சட்டங்களும் இரண்டு பேருக்கான அளவில் அறுத்தாகிவிட்டது. இனி நீங்கள் போன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

கால்களை மட்டும் அவர் அறுக்கவில்லை. தேவைக்கு மேல் நீளமாக நான்கு கட்டைகள் நம் அறைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. நாளையிலிருந்து அவருக்குத் துணிக்கடை வேலை. அளவு வந்தது என்று சொன்னால் ஒரு சாயங்காலம் வந்து அறுத்துப் பூட்டிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அலமாரிக் கம்பியும் மேஜையும்கூட அதற்காகத்தான் காத்திருக்கின்றன.

கட்டிலின் அகலத்தை நான் சொல்லிவிட்டேன். உயரத்தை என்னால் சொல்ல முடியாது, அத்தையாலும் முடியாது. நீங்கள் ஒருவர்தான் சொல்ல முடியும். அதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சொல்ல முடியும். பிசியோதெரபி பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் டேப்போடு வருவாள். வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு உட்காருங்கள். நானும் அப்படித்தான் ஒவ்வொரு வேலையையும் செய்கிறேன்.

பெரிய பதில் எதுவும் எழுத வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். தரையிலிருந்து எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணை மட்டும் சொல்லுங்கள். தச்சரிடம் அல்ல, என்னிடம். நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

சுவர்ப் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன். நாற்காலி நிற்கிற பக்கம் உங்களுக்கு.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி