சர்டிபிகேட் வராது மக்களே

அருமனை,
ஆகஸ்டு 9.

அன்பு மகன் எட்சனுக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் இடுப்பு மட்டும் கிருபைக்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. நீயும் ஜினிஷாவும் பிள்ளையும் தோஹாவில் அந்தச் சூட்டிலும் ஒரு குறைவுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும் நேரமெல்லாம் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார், நான் அடுக்களையில் நின்று கத்துவதுதான் உனக்குக் கேட்கிறது. வாட்ஸாப்பில் பேசி அனுப்பலாம் என்றால் அனுப்பத் தெரிந்தவர் இந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். பக்கத்து வீட்டு அஜின் லீவு முடிந்து வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் ஏத்தங்காய் உப்பேரி வறுத்துக் கொடுத்துவிடுகிறேன், அதன் அடியில் இது இருக்கும். முதலில் உப்பேரியைத் தின்றுவிடு, இதை வாசித்த பிறகு தொண்டையில் இறங்காது.

இங்கே இடவப்பாதி மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்தது. திற்பரப்பில் அருவி நிறைந்து விழுகிறது என்று ஊர் உலகமே குளிக்க வந்து, போன வாரம் பஸ்ஸில் ஈரத் துணிக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அப்பா அதற்கு உன் மகள் பெயரையே வைக்கப் போனார், ஜினிஷா கோபப்படுவாள் என்று நான்தான் தடுத்தேன். ஜினிஷாவின் அம்மா வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள், சர்க்கரை குறைந்திருக்கிறதாம், அவளிடம் சொல். இப்படியே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனால் எழுத வேண்டியதை எழுதாமலே தாளை முடித்துவிடலாம் என்று கை பார்க்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. மாதக் கடைசியில் கம்பெனியில் நோட்டீஸ் கொடுத்துவிடுவேன், வாழை விளைக்கு ஆர்கானிக் சர்டிபிகேட் வரும் நேரம் நானும் ஊரில் இருப்பேன், மட்டி வாழைக்குலையை நானே பெட்டியில் அடைத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவேன் என்றெல்லாம் சொன்னாயே. அப்பா நல்லது மக்களே, நல்லது மக்களே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு தொழுவத்துக்குப் போய் ஏற்கெனவே புல் போட்ட பசுவுக்கு மறுபடியும் புல் போட்டார். அவர் உன்னிடம் சொல்லப் போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். சர்டிபிகேட் வராது மக்களே. நம் விளையைத் திரும்பவும் முதலாம் வருஷத்தில் கொண்டு வைத்துவிட்டார்கள், அரசாங்க உதவியும் நின்றுபோயிற்று. அதை நம்பி நீ வேலையை விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எழுதினால் நீ வராமலே போய்விடுவாயோ என்ற பயமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உனக்குப் பாதி தெரியும், மீதியையும் கேள். ரசாயனம் போடாமல் மூன்று வருஷம் விவசாயம் பண்ணினால் அரசாங்கம் வருஷா வருஷம் உதவித்தொகை தரும், மண் பரிசோதனைச் செலவும் சர்டிபிகேட்டுக்குக் கட்ட வேண்டியதும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று தோட்டக்கலை ஆபீஸிலிருந்து வந்து சொன்னபோது, ஊரில் முதல் ஆளாகக் கை தூக்கினது அப்பாதான். தனி ஆளாகச் சேர முடியாது, குழுவாகத்தான் சேர வேண்டும், ஒருத்தர் விளையை மற்றவர்கள் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உன் பொன்னுலிங்கம் மாமாதான் குழுத் தலைவர், ஆனால் அப்பாவின் கண்டிப்பு தலைவருக்கும் மேலே. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடிக்கிற மருந்து காற்றோடு வந்துவிடக் கூடாது என்று எல்லை நெடுக ஆடாதோடையும் செம்பருத்தியும் நட்டு வளர்த்தார். என் சீனி டப்பாவில் எறும்பு ஏறினால்கூட எறும்புப் பொடியை வாசலுக்குள் விடவில்லை, இன்றைக்கு வீட்டுக்குள் வந்தது நாளைக்கு விளைக்குள் வரும் என்று பிரசங்கம் வேறு. குழுவிலிருந்த சுயம்புராஜ் தன் வாழைக்கு ஒரு மூடை யூரியா போட்டுவிட்டார் என்று தெரிந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலில் சொன்னவரும் இவர்தான், பாவம் அந்த ஆள் முதலாம் வருஷத்துக்குத் திரும்பிப் போனார். இத்தனை பிடிவாதம் எதற்கு என்று கேட்டால், அவன் வந்தால் உட்கார ஒரு இடம் வேண்டாமா என்பார். அவன் என்றால் நீதான். நம் மட்டிக்கும் செந்துளுவனுக்கும் நல்ல விலை நின்றுவிட்டால் நீ அங்கே மொட்டை மாடிகளில் ஏசி மெஷின் சுமக்க வேண்டாம் என்று அந்த மனுஷனுக்கு ஒரே நினைப்பு.

ஜூன் கடைசியில் அவர் இடுப்புக்கு எண்ணெய் போட்டு உழிய வேண்டும் என்று கருங்கல் ஊரில் சித்தி வீட்டில் போய் ஒரு வாரம் இருந்தோம். அப்போதுதான் நீ நல்லதை நினைத்து அந்தக் காரியத்தைச் செய்தாய். மழைக்கு விளையில் புல் காடாக நிற்கிறது, அப்பா திரும்பி வந்து குனிந்து வெட்டி மறுபடியும் படுத்துவிடுவார் என்று, பாலிடெக்னிக்கில் உன்னோடு படித்த டெனிஷுக்குப் பணம் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் விளையைச் சுத்தமாக்கிப் போடு, அவர்களிடம் சொல்லாதே, வந்து பார்க்கட்டும் என்று ஏற்பாடு பண்ணினாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் என் தங்கமே, எப்படிச் சுத்தமாக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் தோன்றவில்லையே. அவன் வெளியூர்க்காரன், நம் குழுவும் கையெழுத்தும் அவனுக்கு என்ன தெரியும். புல் வெட்டுகிற மெஷின் பாதியில் பழுதாகி நின்றுவிட்டது, மழையில் ஆளும் கிடைக்கவில்லை, உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று களைக்கொல்லி வாங்கி அடித்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நாங்கள் வந்து இறங்கினபோது சாயங்காலம். வாழைமூட்டில் நின்ற புல்லெல்லாம் வெந்நீர் ஊற்றினது போல மஞ்சளாகச் சரிந்து கிடந்தது, நல்லமிளகுக் கொடியில் கீழே நின்ற இலைகளும் சுருண்டிருந்தன. அப்பா முதலில் ஏதோ நோய் என்றுதான் நினைத்தார். குனிய முடியாத மனுஷன் முட்டுப் போட்டு ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மோந்து பார்த்தார், அப்புறம் எழுந்திருக்க என் கையைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். விளையப் பாத்தியளா, எப்பிடி இருக்கு என்று நீ சிரித்த சிரிப்பு அங்கே முழுக்கக் கேட்டது. கையிலிருந்த புல்லைக் கீழே போடாமலே அப்பா, நல்லா இருக்கு மக்களே, உனக்கு எதுக்கு இந்தச் செலவு என்றார். நான் போனைப் பிடுங்கி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கும் மனசு வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ நோட்டீஸ் வரைக்கும் வந்திருக்க மாட்டாய், அந்த வருத்தம் எனக்குத் தீரவே தீராது. மறுநாள் டெனிஷ் வந்து முற்றத்தில் நின்று அழுதான். அப்பா அவனைத் திட்டவில்லை, இத எட்சன் அறியாண்டாம் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டார். இப்போது சனிக்கிழமை தோறும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கூலி வாங்காமல் புல் வெட்டிக் கொடுக்கிறான், நீ அவனைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்டுவிடாதே.

ஜூலையில் குழுக் கூட்டம் பொன்னுலிங்கம் மாமாவின் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் நடந்தது, அந்தத் தடவை நம் விளையைப் பார்க்கிற முறை. அதற்குள் புதுப் புல் முளைத்து எல்லாம் பச்சையாகிவிட்டது, சும்மா இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஆபீஸ் மேடம் வந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள், அப்பா எழுந்திருக்கவில்லை. எனக்க விளைக்கு வராண்டாம், நான் மருந்தடிச்சாச்சு என்றார். பொன்னுலிங்கம் மாமா ஓடி வந்து தோளைப் பிடித்து, வேய் ஜான்ரோஸு, நீரு அடிக்கமாட்டீரு, யாரு அடிச்சா சொல்லும் என்று கேட்டார். நாந்தாம்வே, இடுப்பு வலி, வெட்ட ஆளு கிட்டல்ல என்று இவர் சாதித்துவிட்டார். உங்களுக்குத் தெரியாமல் வேறு யாராவது அடித்திருந்தால் அதையும் எழுதிக்கொள்ளலாம் என்று மேடம் வழி காட்டினார்கள், அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், நீ வாயைத் திறக்காதே என்கிற பார்வை. நான் திறக்கவில்லை. விளையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டார், அடித்த கையைப் பற்றித்தான் பொய் சொன்னார். ஊருக்குத்தான் உபதேசம் என்று பின்னால் யாரோ சிரித்தது என் காதில் விழுந்தது. சுயம்புராஜ் சிரித்திருந்தால் அது நியாயம், அவர் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வாரும் அண்ணாச்சி, இனி நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குத்தான் அப்பாவுக்குக் கண் நிறைந்தது.

வரும் வழியில் நான் சண்டை பிடித்தேன். பிள்ளை தெரியாமல் செய்தது, அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவன் காதுக்குப் போனா வெக்கப்பட்டு அங்கயே நின்னுருவான், பொறவு எந்த மூஞ்சிய வச்சு விளைக்குள்ள வருவான் என்றார். மறுநாள் பொன்னுலிங்கம் மாமா வீட்டுக்கே வந்து, மேடம் இன்னும் மேல அனுப்பல்ல, சொன்னத மாத்திச் சொல்லும், நாங்க கையெழுத்துப் போடுகோம் என்று கெஞ்சிப் பார்த்தார். சுயம்புராஜுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்று காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். உன் அப்பா பொய்யே சொல்லாத மனுஷன் என்று நான் சொல்ல மாட்டேன், பெண் பார்க்க வந்தபோது ரெண்டு ஏக்கர் என்றவர்தான், கல்யாணம் முடிந்து வந்து பார்த்தால் ஒன்றேகால். ஆனால் ஊர் கேட்கத் தன்னைத் தாழ்த்திச் சொன்ன பொய் இது ஒன்றுதான். அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்தை நீயே பண்ணு என்று என்னிடம் விட்டுவிட்டார், ஆமென் மட்டும் சொல்கிறார்.

மேடம் நல்ல மாதிரி, இதுவரை வாங்கின உதவியைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்த வருஷம் ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டதாம், அடுத்த தடவை திட்டத்தில் இடம் இருந்தால் மறுபடியும் பெயர் கொடுக்கலாம், உதவி கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சுயம்புராஜைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் சர்டிபிகேட் வந்துவிடும், நம் குலையைச் சந்தையில் எல்லாக் குலையோடும் சேர்த்துத்தான் போட வேண்டும். அப்பா இன்னும் சாணத்தையும் கோமியத்தையும் கருப்பட்டியையும் கலக்கிக்கொண்டுதான் இருக்கிறார், நான்தான் அந்த வாளியைப் பார்த்தால் அழுகிறேன். உன் மேல் கோபமா என்றால் இல்லை, வருத்தம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். புல்லை என்ன செய்யட்டும் என்று அப்பாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும். தூரத்தில் இருக்கிறவனுக்குப் பணம்தான் கை என்று நினைத்துவிட்டாய். நாங்களும் எல்லாம் நல்லா இருக்கு, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே உன்னைப் பழக்கிவிட்டோம், நீ என்ன செய்வாய்.

இந்தக் கடிதத்தை ஜினிஷாவிடமும் கொடு, அவளும் அறிந்து இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். சர்டிபிகேட்டை நம்பி வராதே. ஒன்றேகால் ஏக்கரும் ஒரு வலிக்கிற இடுப்பும் முதலாம் வருஷமும்தான் இங்கே இருக்கிறது, அதற்கு வர மனசிருந்தால் வா. வந்தால் மருந்தடித்த ஜான்ரோஸின் மகன் என்று சந்தையில் யாராவது கேலி பேசுவான், பல்லைக் கடித்துக்கொள், எதிர்த்துப் பேசி அவர் மூடி வைத்ததைத் திறந்துவிடாதே. இன்னும் கொஞ்ச காலம் அங்கே நிற்பதுதான் பிள்ளையின் படிப்புக்கு நல்லது என்று பட்டால் நில், எனக்குக் குறையில்லை, அழுவேன், அது வேறு. வெயிலில் தண்ணீர் குடி, காய்ச்சல் வந்தால் மறைக்காதே, மறைக்கிற ஆள் இந்தக் குடும்பத்தில் ஒருத்தர் போதும். ஆண்டவர் உன் வேலையையும் உன் வாசலையும் உன் பிள்ளையையும் காவல் காக்கட்டும், உங்கள் மூன்று பேருக்கும் என் முத்தம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே மக்களே. வருவதில்லை என்று முடிவானால், கம்பெனியில் விடவில்லை என்று அப்பாவிடம் சொல், என்ன வேண்டுமானாலும் சொல், விளையை மட்டும் காரணம் சொல்லாதே. வெட்கப்பட்டுத்தான் நீ நின்றுவிட்டாய் என்று அவர் அறிந்தால், அந்த ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் அவர் தலை குனிந்தது வீணாகப் போய்விடும்.

நீ வந்தாலும் வராவிட்டாலும்
உன் அம்மா
ஸ்டெல்லாபாய்