பொய்யில்லாத கப்பலும் ஒரு வாளிப் பாலும்

யட்டியாந்தோட்டை
04.06.2024

ஈரேழு உலகமும் போற்றும் கதாசிரியை, மருமகள் சுகந்தினிக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். நீ எழுதும் விண்கப்பல் டீவித் தொடரைப் பார்க்க லயத்து வரிசை வீடுகளே திரண்டு, நம் வீட்டுச் சுவர் ஓரடி வெளியே போய்விட்டது. பசி இல்லாத, துரை இல்லாத, பொய் மட்டுமே குற்றமான கப்பல்! ஆனால் நேற்று என்ன செய்தாய்? நோயாளித் தோழியின் கணக்கில் தன் வேலையைச் சேர்த்துவிட்டவளைக் கேப்டன் இறக்கிவிடப் போகிறானாம்.

றப்பர் பால் நிறுக்கும் கணக்கப்பிள்ளை நான். எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. இங்கே பால் வெட்டும் சசி ஆறு மாதக் கர்ப்பிணி. பால் குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அதனால் கூட வெட்டும் தர்மிளா தன் வாளியிலிருந்து அவளுக்கு ஊற்றுவாள். அந்த நேரம் நான் வானத்தை ஆராய்வேன். திரையின் அடியில் ஓடும் சிங்கள வரிகளோடு உன் தொடரைப் பார்க்கும், தோட்டத்தை நடத்தும் சின்ன துரை கேட்டுவிட்டார்: "இந்திரகுமார், நம்ம தோட்டத்திலயும் இப்படி நடக்குதா?" அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். கடைசிப் பாகத்தில் அவளைக் காப்பாற்று, துரை இளகுவார்.

கிரகங்கள் நடுங்கும்
இந்திரகுமார் மாமா

வெள்ளவத்தை
06.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் சுவரை உள்ளே தள்ளுங்க. கேப்டனை மாற்ற மாட்டேன். இன்றைக்கு ஒரு பொய்யை மன்னித்தால், நாளைக்கு அந்தக் கப்பலிலும் ஒரு துரை முளைப்பான். சசிக்குத் தேவை ஒளித்து ஊற்றும் பால் இல்லை, முழுப் பேரோடு லேசான வேலை. உண்மையைச் சொல்லி, அதை நேராகக் கேளுங்க. கோபமா?

சுகந்தினி

யட்டியாந்தோட்டை
20.06.2024

கேப்டனின் தாயே,

கேட்டுவிட்டேன். "நடக்குது சேர், பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்று நான் முழங்கியதில் களனி கங்கை ஒரு நிமிடம் ஓடவில்லை. சசி இப்போது நாற்றுமேடையில் உட்கார்ந்து மண் பை நிரப்புகிறாள், முழுப் பேர். உன் கேப்டன் வென்றான். என்னைத் தராசிலிருந்து எடுத்து, புல் வெட்டும் மலைக்கு மகாராஜா ஆக்கிவிட்டார்கள். போகட்டும், கிரீடம் பொருந்துகிறது.

புதிதாக நிறுக்கும் தினேஷ் நேர்மையானவர். இப்போது யாரும் யாருக்கும் ஊற்றுவதில்லை. பால் வெட்டும் சின்னம்மா அக்காவுக்கும் முன்பு ஊற்றுவார்கள் என்று நான் துரையிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அவருக்குக் கர்ப்பமில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டில்லை, ஓய்வு வயதுமில்லை. கை கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். இந்தக் கிழமை முழுக்க அரைப் பேர். நேற்று பாதையில் மறித்துக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தக் கப்பல்ல எனக்கு என்ன வேலை குடுப்பாங்க?"

அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன், மருமகளே.

நீ கேப்டனை மாற்றவேண்டாம். சின்னம்மாவைக் கப்பலில் ஏற்றிவிடு. அவன் என்ன செய்கிறான் என்று நாங்கள் பார்க்கிறோம்.

மாமா